வாசகர் கேள்விகள்: யாரும் வாங்காத இசைத்தட்டு

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, எனக்குப் பிடித்த சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஒரு பாட்டு வகை) ஆல்பங்களில் ஒன்றை அது வெளிவந்த காலத்தில் அனேகமாக யாருமே சீண்டவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். இடம் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் வந்த கடிதங்களைப் பார்த்தால் ஏதோ புதையல் இருக்குமிடத்தை மறைத்துவிட்ட மாதிரி கோபம். சரி, இந்த முறை பத்தி முழுக்க அதற்கே. முடி கொட்டுவது, மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது பற்றிக் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெயரைச் சொல்லாமல் போனது என்ன நியாயம்? எந்த ஆல்பம், யார் பாடியது, ஏன் யாரும் வாங்கவில்லை? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

ஆல்பத்தின் பெயர் ‘கெட்டோ: மிஸ்ஃபார்ச்சூன்ஸ் வெல்த்’. துரதிர்ஷ்டம் சேர்த்துவைத்த சொத்து என்று வைத்துக்கொள்ளலாம். குழுவின் பெயர் 24 கேரட் பிளாக். வெளிவந்தது 1973-இல், மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் எண்டர்பிரைஸ் என்ற கிளை லேபிளில். ஐசக் ஹேயஸ் என்ற மொட்டைத்தலை மகாராஜாவின் தட்டுகள் வந்ததும் அதே லேபிளில்தான், ஆகவே ஏதோ மூலையில் இருந்த குட்டிக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள்.

குழுவில் இருந்தவர்கள் ஒஹையோ மாநிலத்து சின்சினாட்டியைச் சேர்ந்த சின்னப் பையன்கள். அதற்குமுன் டிட்டாலியன்ஸ் என்ற பெயரில் உள்ளூரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சின்சினாட்டி லேசுப்பட்ட ஊர் இல்லை. ஜேம்ஸ் பிரவுனின் தட்டுகளை வெளியிட்ட கிங் ரெக்கார்ட்ஸ் அந்த ஊர்க் கம்பெனி, பேஸ் கிடாரில் பேய் விரட்டும் பூட்ஸி காலின்ஸ் அந்த ஊர்ப் பிள்ளை. தாளம் என்பது அங்கே குழாய்த் தண்ணீரில் வரும்போல. இந்தப் பையன்களைப் பிடித்துப் பெயர் மாற்றி, ஆள் சேர்த்து, பிரின்சஸ் ஹெர்ன் போன்ற இளம் குரல்களைக் கொண்டுவந்து, பாட்டெழுதி, வயலின் வரிசைக்கு ஸ்வரம் எழுதி, தயாரித்து, எல்லாமே தானாக நின்றவர் டேல் வாரன். சாஸ்திரிய முறைப்படி வயலின் கற்றவர், டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனிக்கு ஆர்கெஸ்ட்ரா பகுதிகள் எழுதிப் பழகியவர், பிறகு ஸ்டாக்ஸில் ஹேயஸுக்கு எழுதியவர். மோடவுன் முதலாளி பெர்ரி கோர்டியின் இரண்டாவது மனைவி ரேனோமாவுக்கு இவர் மருமான் முறை. அந்த உலகத்துக்குள் நுழைய வாசல் அப்படித் திறந்தது என்று ஊகிக்கலாம், ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தது சொந்தச் சரக்கில்தான்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு உதாரணம். 1972 ஆகஸ்ட் 20-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்தில் ஸ்டாக்ஸ் கம்பெனி ஒரு மாபெரும் கச்சேரி நடத்தியது. வாட்ஸ்டாக்ஸ் என்று பெயர். வாட்ஸ் என்பது 1965-இல் பெரும் கலவரம் நடந்த கறுப்பர் பகுதி, அதன் நினைவாக. டிக்கெட் ஒரு டாலர், வந்த கூட்டம் ஒரு லட்சத்துக்கும் மேல். அவ்வளவு பேர் ஆடிக் களிக்க வந்திருக்கிற இடத்தில் முதலில் என்ன வாசித்தார்கள் தெரியுமா? டேல் வாரன் எழுதிய ‘சால்வேஷன் சிம்பொனி’. ஆட வந்தவனுக்கு முதல் பந்தியில் சிம்பொனி பரிமாறுகிற மனிதர் ஒரு முழு ஆல்பத்தை வறுமைக்கே எழுதியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆமாம், முழு ஆல்பமும் வறுமைதான். காதல் பாட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. வாடகை, பசி, கூப்பன், மாதக் கடைசி. முதல் பாட்டு ஏறக்குறைய ஒரு வழிபாட்டுக்கூடப் பேச்சு மாதிரி தொடங்கும், வயலின்கள் மேகம் மாதிரி வந்து கவியும், பேஸ் கிடார் மட்டும் அவசரமே இல்லாமல் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அந்த நடையைக் கேட்டால் வேலை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவனின் நடை ஞாபகத்துக்கு வரும். வேகமாகப் போய் என்ன ஆகப்போகிறது?

ஏன் விற்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்கிறேன், அதையே இன்னொருவரும் கேட்டிருக்கிறார்.

கேள்வி: சோல் என்றால் என்ன? ஜாஸ், புளூஸ், ராப் எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே கேட்கிறது. (இல்லத்தரசி, கும்பகோணம்)

ஒரு குறுக்குவழி சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கர்த்தரைப் பார்த்து உருகிப் பாடுகிற அதே தொண்டை, அதே கைதட்டல், அதே ‘ஆமென்’. அதைச் சனிக்கிழமை ராத்திரிக்குக் கொண்டுபோய், கர்த்தர் இருந்த இடத்தில் காதலியையோ காதலனையோ நிறுத்தினால் கிடைப்பது சோல். 1950-களில் தொடங்கி 60-களில் ஓகோவென்று இருந்தது. புளூஸ் அதற்கு மூத்தது, பெரும்பாலும் தனி ஆளும் ஒரு கிடாருமாகப் புலம்புவது. சோலில் ஒருவர் பாடினாலும் பின்னால் ஒரு சபையே இருக்கிறது என்ற உணர்வு வரும்.

டேல் வாரன் செய்த வேலை என்னவென்றால், காதலியை எடுத்துவிட்டுக் கர்த்தரை மறுபடி அந்த இடத்தில் வைத்தார், ஆனால் இந்த முறை துதிப்பதற்கு அல்ல, கணக்குக் கேட்பதற்கு.

கேள்வி: ‘கெட்டோ’ என்ற சொல்லைச் சேரி என்று மொழிபெயர்க்கலாமா? (ஆசிரியர், தென்காசி)

வேண்டாம். சொல்லின் மூலம் இத்தாலி. 1516-இல் வெனிஸ் நகரத்தில் யூதர்களை ஒரே பகுதியில் அடைத்துவைத்தார்கள், அந்த இடத்தின் பெயர். அமெரிக்காவில் அது நகரத்துக் கறுப்பர் குடியிருப்புகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அவை தற்செயலாக உருவானவை இல்லை. 1930-களில் வீட்டுக் கடனுக்காக வரைந்த வரைபடங்களில் கறுப்பர் வசிக்கும் தெருக்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதிவைத்தார்கள். கடன் இல்லை, ஆகவே வீடு வாங்க முடியாது, வீடு இல்லை, ஆகவே பிள்ளைக்கு விட்டுப்போகச் சொத்து இல்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன பேதம் காட்டக்கூடாது என்ற சட்டம் வந்ததே 1968-இல்தான். ஆல்பத்தின் தலைப்பில் ‘சொத்து’ என்ற சொல் எவ்வளவு கசப்போடு உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது பாருங்கள். கெட்டோவை கெட்டோ என்றே எழுதிவிடலாம்.

கேள்வி: அந்த ஆல்பத்தில் ‘ஃபுட்ஸ்டாம்ப்ஸ்’, ‘மதர்ஸ் டே’ என்றெல்லாம் பாட்டுகள் இருப்பதாகத் தேடிப் பார்த்தேன். அம்மாக்கள் தினத்துக்கும் வறுமைக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, மதுரை)

பெயர் சொல்லாமலே தேடிக் கண்டுபிடித்துவிட்டீர்களா, பலே.

அந்தத் தெருக்களின் பேச்சு வழக்கில் ‘மதர்ஸ் டே’ என்றால் வாழ்த்து அட்டை கொடுக்கிற நாள் இல்லை. அரசு உதவித்தொகைக் காசோலை வீட்டுக்கு வருகிற நாள். தகப்பன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிற தாய்மார்கள் பெயரில்தான் அந்தக் காசோலை பெரும்பாலும் வரும், அதனால் அது அம்மா நாள். அன்றைக்கு மளிகைக் கடைக்காரன் சிரிப்பான், வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான். ஒரு சமூகமே எந்தத் தேதியை நோக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை இந்த இரண்டு சொல்லும் சொல்லிவிடுகின்றன.

ஃபுட் ஸ்டாம்ப் என்பது உணவுக் கூப்பன். 1964-இல் ஜான்சன் அதிபராக இருந்தபோது சட்டமானது. நம் ரேஷன் அட்டை மாதிரிதான் என்று சட்டென்று சொல்லிவிடலாம், ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது, பலருக்குத் தெரியாது. இந்த ஆல்பம் வந்த காலத்தில் அந்தக் கூப்பனைப் பெரும்பாலான குடும்பங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு தொகையை முதலில் கட்டினால் அதைவிடக் கூடுதல் மதிப்புக்குக் கூப்பன் தருவார்கள், அந்தக் கூடுதல்தான் உதவி. மாத ஆரம்பத்தில் மொத்தமாகக் கட்டக் கையில் காசில்லாதவனுக்கு உதவியும் இல்லை. இந்த விதியை எடுத்தது 1977 சட்டத்தில்தான். பசித்தவனிடம் முன்பணம் கேட்கிற திட்டம்!

இதில் வேடிக்கை என்னவென்றால் ‘ஃபுட்ஸ்டாம்ப்ஸ்’ பாட்டில் பாட்டே கிடையாது. வெறும் வாத்தியம். இருக்கிறதிலேயே உடம்பு ஆடச் சொல்கிற, கால் தாளம் போடுகிற துண்டு அதுதான். முழு ஆல்பத்திலும் பேசிப் பேசித் தீராதவர்கள் கூப்பன் என்றதும் வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறார்கள். கூப்பன் கையில் வந்த அன்று வீட்டில் யாரும் தத்துவம் பேசமாட்டார்கள் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். டேல் வாரன் அப்படி நினைத்து எழுதினாரா என்பது வேறு விஷயம்.

கேள்வி: நல்ல ஆல்பம் என்றால் ஏன் ஓடவில்லை? மார்வின் கேயும் கஷ்டத்தைத்தானே பாடினார், அவர் ஆல்பம் ஓடவில்லையா? (இசைப் பிரியர், கோயம்புத்தூர்)

நல்ல அடி. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971, கர்டிஸ் மேஃபீல்டின் ‘சூப்பர் ஃபிளை’ 1972, ஸ்டீவி வொண்டரின் ‘இன்னர்விஷன்ஸ்’ 1973. எல்லாம் கஷ்டத்தைப் பாடியவை, எல்லாம் சக்கைப்போடு போட்டவை. ஆகவே ‘மக்கள் சோகத்தை விரும்பவில்லை’ என்று முடித்துவிட முடியாது.

ஆனால் அவற்றையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மார்வின் கே அழுதாலும் அந்தக் குரல் உங்கள் தோளில் கை போட்டபடி அழும். மேஃபீல்ட் தெருவின் அழுக்கைச் சொல்லும்போதும் தாளம் ஜம்மென்று பளபளக்கும், நீங்கள் அழுக்கை மறந்துவிட்டு ஆடலாம், நிறையப் பேர் அப்படித்தான் ஆடினார்கள். ஸ்டீவி எப்போதும் கடைசியில் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுவார். 24 கேரட் பிளாக் ஜன்னலைத் திறக்கவில்லை. ‘அழுகிற வீட்டில் இருந்தாலும் இருக்கலாம், ஒழுகுகிற வீட்டில் இருக்க முடியாது’ என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பவனை அழுகிற வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கக் கூட்டிப்போனார்கள், போய்விட்டு வந்துவிடலாம். இவர்கள் ஒழுகுகிற வீட்டில் குடித்தனம் வைத்துவிட்டார்கள்.

அது போக, ரேடியோவில் மூன்று நிமிஷப் பாட்டுக்குத்தான் இடம். இதில் இருப்பவை நீளம், மெதுவு, நடுவில் பேச்சு. ஐசக் ஹேயஸ் 1969-இல் பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு பாட்டுப் பாடி ஜெயித்தாரே என்பீர்கள். அவர் பதினெட்டு நிமிஷமும் பேசியது காதல், அதுவும் அந்தக் குரலில். பசியைப் பற்றிப் பதினெட்டு நிமிஷம் கேட்க ஆள் குறைவு.

கம்பெனி நிலைமையும் சரியில்லை. 1967 டிசம்பரில் ஸ்டாக்ஸின் நட்சத்திரப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் விமான விபத்தில் போனார், அடுத்த வருஷமே அட்லாண்டிக் கம்பெனி பழைய ஒப்பந்தத்தைக் காட்டி ஸ்டாக்ஸின் அதுவரையான ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஆல் பெல் என்ற நிர்வாகி வெறும் கையால் முழம் போட்டு, 1969-இல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை வெளியிட்டுக் கம்பெனியை நிமிர்த்தினார். 1972-இல் விநியோகத்தை சிபிஎஸ் கம்பெனியிடம் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தைப் போட்ட கிளைவ் டேவிஸை சிபிஎஸ் 1973 மே மாதம் வேலையை விட்டுத் தூக்கியது, அதற்கப்புறம் ஸ்டாக்ஸ் தட்டுகளைப் பற்றி அங்கே கவலைப்பட ஆளில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவால். இந்த ஒரு ஆல்பம் விற்காததற்கு அதெல்லாம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூழ்குகிற கப்பலில் சின்னப் பெட்டியைத் தேடி எடுத்துக் காப்பாற்ற யாருக்குப் பொழுது?

கேள்வி: கெட்ட பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, கேட்கிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஆல்பத்தில் குறையே இல்லையா? (வங்கி ஊழியர், திருச்சி)

இருக்கிறது, தாராளமாக. முன்னுரைப் பேச்சுகள் இரண்டும் நாடக மேடையின் பக்கம் சாய்கின்றன. குரல் நடுங்குவதற்கு முன்பே வயலின் நடுங்கிவிடுகிறது, ‘இங்கே அழவும்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவைத்த மாதிரி. எதைச் சுருக்கலாம் என்று சொல்ல டேல் வாரன் பக்கத்தில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை, எல்லாம் தானே என்று நிற்கிறவர்களுக்கு வருகிற வியாதிதான் அது. பாடுகிற இளம்பிள்ளைகள் சில இடங்களில் அவர் எழுதியதைத் தூக்க முடியாமல் தூக்குவது கேட்கும்.

ஆனால் எனக்கு அந்தத் தூக்க முடியாமல் தூக்குவதுதான் பிடித்திருக்கிறது. தேர்ந்த பாடகர் ஒருவர் பாடியிருந்தால் ‘ஆகா, என்ன உணர்ச்சி’ என்று பாராட்டிவிட்டுப் போயிருப்போம்.

கேள்வி: யாரும் வாங்காத தட்டு உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? (வாசகர், விருத்தாசலம்)

எனக்கு முதலில் கிடைத்தது முழுத் தட்டில்லை, ஒரு துணுக்கு.

அக்கா மகன் காரில் செங்கல்பட்டு வரை போய்க்கொண்டிருந்தோம். அவன் கென்ட்ரிக் லமாரின் 2017 ஆல்பமான ‘டேம்’ ஓடவிட்டிருந்தான். எனக்கு ராப் அவ்வளவாகச் செல்லாது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஃபியர்’ என்ற பாட்டு வந்தது. அவர் பயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார், பின்னால் வேறொரு காலத்துக் குரல், பழைய கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, இந்தப் பூமியில் பிழைக்க வழி தெரியவில்லை, பிறந்ததிலிருந்தே பசிதான் என்ற அர்த்தத்தில் ஒரு வரியை இழுக்கிறது. ‘பின்னாடி பாடுறது யாருடா?’ என்றேன். ‘சாம்பிள் மாமா, ஏதோ பழைய பாட்டு’ என்றான். பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தங்கள் பாட்டில் ராப்காரர்கள் ஒட்டிக்கொள்வதற்குப் பெயர் சாம்பிள். சுங்கச்சாவடியில் நின்ற நேரத்தில் தேடிப் பார்த்துச் சொன்னான்: 24 கேரட் பிளாக், ‘பாவர்ட்டீஸ் பேரடைஸ்’. வறுமையின் சொர்க்கம். அன்றைக்கு ராத்திரி முழுப் பாட்டையும் கேட்டேன், மறுநாள் முழு ஆல்பத்தையும்.

இந்தக் குழுவுக்கு ரசிகர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன், பின்கதவு வழியாக. 1990-இல் எரிக் பி அண்ட் ராக்கிம் என்ற ராப் ஜோடி ‘இன் தி கெட்டோ’ என்ற பாட்டுக்கு இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை எடுத்தார்கள். நாட்டி பை நேச்சர் குழு 1995-இல் தங்கள் ஆல்பத்துக்கே ‘பாவர்ட்டீஸ் பேரடைஸ்’ என்று பெயர் வைத்தது. சிறந்த ராப் ஆல்பத்துக்கென்று கிராமி விருது ஏற்படுத்தியபோது அதை முதன்முதலில் வாங்கியது அந்த ஆல்பம்தான். கென்ட்ரிக்கின் ‘டேம்’ 2018-இல் புலிட்சர் பரிசு வாங்கியது. மூலத்தைப் பாடிய குழுவோ ஒரே ஆல்பத்தோடு கலைந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

கேள்வி: ராப்காரர்கள் ஓடாத தட்டாகப் பார்த்து ஏன் எடுக்கிறார்கள்? ஓடிய பாட்டை எடுத்தால்தானே ஜனங்களுக்குத் தெரியும்? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

தெரியக்கூடாது என்பதுதான் விஷயம். நாலு பேர் ஏற்கெனவே வெட்டிய பாட்டை மறுபடி வெட்டுவதில் என்ன பெருமை? பழைய தட்டுக் கடையில் மலிவுப் பெட்டிக்குள் தலையை விட்டு, தூசியில் தும்மிக்கொண்டு, யாரும் கேள்விப்படாத ஒன்றைக் கண்டெடுப்பதுதான் அந்த உலகத்தில் கௌரவம். ஓடாத தட்டு மலிவுப் பெட்டிக்குத்தான் போகும், ஆகவே கைக்குக் கிடைக்கும்.

இன்னொரு காரணம் கருவி. 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற பெட்டி அந்தக் காலத்து ராப் தயாரிப்பாளர்களின் அம்மி. அதில் மொத்தமாகவே பத்து விநாடிதான் ஒலி ஏற்ற முடியும். பத்தே விநாடி, ஒரு பாட்டுக்குத் தேவையான எல்லாத் துண்டுக்கும் சேர்த்து! அதனால் 33 வேகத்துத் தட்டை 45 வேகத்தில் சுழலவிட்டு, கீச்சென்று ஏற்றிக்கொண்டு, பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். இடம் மிச்சம், ஆனால் ஒலியில் ஒரு கரகரப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரகரப்பே பிறகு ரசனையாகிவிட்டது.

இப்படித் துண்டு வெட்டுகிறவனுக்கு என்ன வேண்டும்? குரல் குறுக்கிடாத இடம், டிரம்ஸும் பேஸும் மட்டும் தனியாக நடக்கிற நாலு தாளக்கட்டு, நடுவில் காற்றோட்டம். டேல் வாரன் ஆல்பத்தில் அப்படிப்பட்ட வெற்றிடம் ஏக்கர் கணக்கில் இருக்கிறது. ரேடியோக்காரர்களை எது விரட்டியதோ, அதே மெதுவும் நீளமும் காலியிடமும் இருபது வருஷம் கழித்து இவர்களைக் கூப்பிட்டது.

கேள்வி: அப்படியென்றால் குழுவில் இருந்தவர்கள் இப்போது கோடீஸ்வரர்களா? (வாசகர், நாகர்கோவில்)

எங்கே. ஒரு ஒலிப்பதிவில் இரண்டு உரிமை உண்டு. பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் ஒன்று, பதிவான ஒலிநாடாவின் சொந்தக்காரருக்கு ஒன்று. வாசித்தவர், பாடியவர் இரண்டிலும் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய. வாய்ப்புக் கிடைத்ததே போதும் என்று கையெழுத்துப் போடுகிற இளவயதில் யார் ஒப்பந்தத்தைப் படிக்கிறார்கள்? ஸ்டாக்ஸ் திவாலானபின் அந்த ஒலிநாடாக்கள் 1977-இல் ஃபேன்டஸி கம்பெனிக்குப் போயின, 2004-இல் கன்கார்ட் கம்பெனி ஃபேன்டஸியையே வாங்கியது. வீடு கைமாறுகிறது, கட்டின கொத்தனாருக்கு என்ன வரும்?

அனுமதி வாங்காமல் வெட்டக்கூடாது என்பதே அமெரிக்காவில் 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீது நடந்த வழக்குக்குப் பிறகுதான் கண்டிப்பானது. அதற்குமுன் வெட்டியதெல்லாம் பெரும்பாலும் ஓசி. எழுதியவர் என்ற முறையில் டேல் வாரனுக்காவது நல்ல காலம் வந்திருக்கலாம், ஆனால் அவர் 1994-இல் இறந்துவிட்டார். நாட்டி பை நேச்சரின் ஆல்பம் வந்தது அடுத்த வருஷம்.

கேள்வி: பழைய ஒலிநாடாவை ஓவனில் வைத்துச் சுடுவார்களாமே, நிஜமா, புருடாவா? (பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

நிஜம், ஆனால் நீ அப்பாவின் கேசட்டை எடுத்து முயற்சி பண்ணாதே.

நாடாவின் மேல் காந்தத் துகளை ஒட்டவைக்க ஒரு பசை பூசியிருப்பார்கள். 70-களின் நடுவிலிருந்து வந்த சில வகை நாடாக்களில் அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை வருஷக்கணக்காகக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் துகள் உரிந்து இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும், உரிவது துகள் மட்டுமில்லை, அதிலிருக்கிற பாட்டும்தான். அதனால் சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை ஓட்டுவார்கள். கொஞ்ச நாளைக்குக் கெட்டியாக இருக்கும், அதற்குள் ஓடவிட்டுப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழுவுக்கும் நாடாவால் ஒரு கதை உண்டு. முதல் ஆல்பம் படுத்த பிறகும் டேல் வாரன் விடாமல் புதுப் பாட்டுகள் பதிவு செய்துகொண்டிருந்தார், அவை வெளிவரவில்லை. நாடாக்கள் சிகாகோவில் ஒரு வீட்டு நிலவறையில் வருஷக்கணக்காகக் கிடந்து மக்கிப்போயின. பழைய இசையைத் தோண்டி எடுக்கிற நியூமெரோ குரூப் என்ற சிகாகோ நிறுவனம் அவற்றை வாங்கிப் பார்த்தபோது தேறியது ஆறே பாட்டு. 2009-இல் ‘கான்: தி பிராமிசஸ் ஆஃப் யெஸ்டர்டே’ என்று வெளியிட்டார்கள். இதில் வறுமை இல்லை, பிரிந்தவர்கள் மறுபடி சேரத் தவிக்கிற காதல். அந்த ஆறில் ஒன்றை 2018-இல் புஷா டி என்ற ராப்பர் ‘இன்ஃப்ராரெட்’ என்ற பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். மக்கிப்போன மற்றப் பாட்டுகளை இனி யாரும் வெட்டவும் முடியாது, கேட்கவும் முடியாது.

கேள்வி: ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. எங்கிருந்து தொடங்குவது? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், புதுக்கோட்டை)

‘ஃபுட்ஸ்டாம்ப்ஸ்’. வார்த்தையே இல்லை, கவலையும் இல்லை. அப்புறம் தலைப்புப் பாட்டு. அதற்கப்புறம் ‘பாவர்ட்டீஸ் பேரடைஸ்’, ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, அது பாட்டுக்கு நீளமாக ஓடட்டும். மூன்றும் பிடித்தால் மட்டும் முதலிலிருந்து வரிசையாகப் போங்கள். பிடிக்காவிட்டால் என்னைத் திட்டி ஒரு அட்டை போடுங்கள், தபால்காரர் எழுதின அட்டை என்றால் விலாசமாவது தெளிவாக இருக்கும்.

கேள்வி: உங்களிடம் அந்தத் தட்டு இருக்கிறதா? ஒரு வாரம் கடன் கிடைக்குமா? (பெயர் வேண்டாம், சென்னை)

1973-ஆம் வருஷத்து அசல் பிரதி வாங்குமளவுக்கு நம் பத்தி சம்பாதிக்கவில்லை. பின்னாளில் மறுபதிப்பாக வந்த ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். அனுப்பியவர் பெயர் வேண்டாம். மெல்லிய அட்டை ஒன்றில் சுற்றி அனுப்பியிருந்தார், மே மாதம், எந்தக் கிடங்கில் எத்தனை நாள் வெந்ததோ, பிரித்தால் வெயிலில் காயவைத்த அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்து, மேலே தமிழ் அகராதித் தொகுதிகளை அடுக்கி மூன்று வாரம் பார்த்தேன். கொஞ்சம் படிந்தது. வளைவு விளிம்பில் மட்டும்தான், அதனால் முதல் பாட்டில் வயலின்களெல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வாசிப்பதுபோல ஏறி இறங்கும், ஊசி படகு மாதிரி ஆடும், உள்ளே போகப் போகச் சரியாகிவிடும்.

கடன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போங்கள். முதல் பாட்டை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.